எழப்போகிறவரைக் கண்டுபிடிக்கும் முறை

அந்த நிறுவனத்தில் அவனைப் பொத்தான் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. சூதாட்ட இயந்திரங்கள் தயாரிக்கிற இடம் அது. ஓர் ஆள் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் சக்கரங்கள் சுழன்று நிற்பதற்கும் நடுவே என்னென்ன நடக்க வேண்டும் என்று மென்பொருள் எழுதுவது அவன் வேலை. கடைசிச் சக்கரம் சட்டென்று நிற்கலாமா, கொஞ்சம் இழுத்தடித்து நிற்கலாமா, நிற்கும்போது டிங் என்று கேட்க வேண்டுமா, டொங் என்று கேட்க வேண்டுமா? இந்த ஆராய்ச்சியிலேயே அவன் தலை நரைத்துவிட்டது. சிரிக்காதீர்கள். டிங்குக்கும் டொங்குக்கும் நடுவில்தான் அந்த நிறுவனம் மாடி மேல் மாடி கட்டியிருந்தது.

கல்யாணப் பேச்சை எடுத்தால், "இந்த மாடல் முடியட்டும்" என்பான். ஒரு மாடல் முடிந்தால் அடுத்தது தயாராக நிற்கும். இப்படியே காலம் ஓடி, பேச்சை எடுக்கிறவர்களும் ஓய்ந்துபோனார்கள். அவனுக்கென்று இருந்த ஒரே சொந்தம் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள். மாமா செத்து, மகளும் கண்காணாத ஊரில் குடும்பம் குழந்தை என்று ஆகிவிட, கீழ் வீட்டில் அக்கா, மாடி அறையில் தம்பி என்று இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவள் அவள். படுக்கை விரிப்பில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்" என்பாள். அதற்கு மேல் அவனும் அவளிடம் சொன்னதில்லை. சொல்ல வாய் வந்தால்தானே? அதனால் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டாலும் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்துவிடுவாள். "பாத்துக் குடுடா, பாவம்" என்பாள். இந்த மேதாவிக்கு அதன் மூடியைக் கழற்றக்கூடத் தெரியாது. நைசாகக் கடையில் கொடுத்துச் சரிபண்ணி, தானே பண்ணியது போலக் கொண்டுவந்து வைப்பான்.

வேலை செய்கிறவர்களை அவ்வப்போது ஆட்டக்கூடங்களுக்கு அனுப்பி, ஆடுகிறவர்களைப் பார்த்துவரச் சொல்வது நிறுவனத்தின் வழக்கம். அப்படி ஒரு மத்தியானம் பொத்தான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கூடத்துக்குப் போனான். ஜன்னலே இல்லாத கூடம். தரைவிரிப்பில் பழைய சிகரெட் நெடி. வெளியே வெயில் கொளுத்துகிறதா, மழை கொட்டுகிறதா என்று உள்ளே இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. வரிசை வரிசையாக நாற்காலிகள், முதுகுகள். அதில் ஒரு முதுகைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அக்கா! அந்த முதுகில் தொங்கிக்கொண்டே வளர்ந்தவன், அவனுக்கா அடையாளம் தெரியாது?

போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். செய்தானா? இல்லை. தூணுக்குப் பின்னால் பதுங்கினான். நீ எப்படி இங்கே வந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். கொஞ்ச நாள் முன்னால் வீட்டில் தையல் மெஷினைக் காணோமே என்று அவன் கேட்டதற்கு "ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்" என்றாள். அப்புறம் பீரோவும் ரிப்பேருக்குப் போனது. பீரோவுக்கு என்ன ரிப்பேர் என்று ஒரு மனுஷன் யோசிக்க மாட்டானா? அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தபோதுதான் அவன் அதைக் கவனித்தான். அக்கா அழுத்துகிற வேகம் திடீரென்று குறையும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். மடியில் இருக்கிற பையை எடுத்துத் தோளில் மாட்டுவாள். ஆள் கிளம்பிவிட்டாள் என்று தோன்றும். திரையை ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான், பை மறுபடி மடிக்கு வந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வேகம் குறையும், கண்ணாடி, பை. எழ வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. வந்து வந்து போகிறது. அந்த நிமிஷத்தில் போதும் வா என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் எழுந்துவிடுவாள்.

இதைப் பிடித்துக்கொண்டான் பொத்தான். சோறு தண்ணி மறந்து எழுதினான். பொத்தான் அழுத்துகிற இடைவெளி எப்படி நீளுகிறது, பந்தயம் எப்படிச் சிறுக்கிறது, கை எப்போது பொத்தானை விட்டு விலகுகிறது என்பதையெல்லாம் வைத்து, ஆடுகிறவர் எழப்போகிறார் என்பதை இயந்திரம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளும். தெரிந்ததும் திரை மங்கும், சத்தம் அடங்கும், 'இன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போய் வாருங்கள்' என்று எழுத்து வரும். மனுஷனோடு பேசுகிற இயந்திரம் என்று காலமெல்லாம் பீற்றிக்கொண்டார்களே, இந்த ஒரு நல்ல வார்த்தையைப் பேசட்டுமே!

துரத்தி அடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் மேலாளரிடம் போனான். அவரோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"பொத்தான்! இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? உடனே பேட்டண்ட் போடணும். வக்கீலம்மாவை வரச் சொல்றேன்."

ஆட்களை விரட்டுகிற இயந்திரத்துக்கு இந்த ஆள் ஏன் இப்படிக் குதிக்கிறார் என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பீரோவையே சந்தேகப்படாதவன் இதையா சந்தேகப்படுவான்?

வக்கீலம்மா நல்லவர். பொறுமையாகக் கேட்டு, அக்காவின் கண்ணாடி வரைக்கும் விசாரித்து எழுதிக்கொண்டார். காப்புரிமைக்கு வாசகம் எழுதுவதில் கைதேர்ந்தவர். எழுதிய வரியை அவனுக்குப் படித்துக் காட்டினார்: ஆட்டக்காரர் எழப்போவதை முன்கூட்டி அறிந்து, அதற்கு ஏற்ற ஒரு செயலைச் செய்யும் இயந்திரம்.

"திரை மங்கறதுன்னு போடலையே மேடம்?"

"அப்படிப் போட்டா, நாளைக்கு எவனாவது 'நான் திரையை மங்க வைக்கலை, சத்தத்தை மட்டும்தான் நிறுத்தறேன்'னு சொல்லிட்டு உங்க யோசனையைச் சுருட்டிட்டுப் போயிடுவான். 'ஏற்ற ஒரு செயல்'னு போட்டா எல்லாமே அதுக்குள்ள அடங்கிடும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவனுக்கு வாயெல்லாம் பல். தன் யோசனைக்கு இவ்வளவு பெரிய வேலி கட்டித் தருகிறாரே என்று கை கூப்பாத குறைதான். நீட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். கண்டுபிடிப்பு அவனுடையது, உரிமை நிறுவனத்தினுடையது. எல்லா நிறுவனத்திலும் அப்படித்தானாம். காப்புரிமை கிடைத்த அன்றைக்குக் கேக் வெட்டினார்கள். அவன் பெயர் பொறித்த பித்தளைத் தகடு நடைவழிச் சுவரில் ஏறியது. பெற்றவர்கள் வைத்த முழுப் பெயர்! அது யாருடைய பெயர் என்று பலருக்குத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

புது இயந்திரங்கள் பேருந்து நிலையக் கூடத்துக்குப் போய் இறங்கியபோது அவன் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினான். பழைய தூண், பழைய முதுகு. இன்றைக்கு அக்கா பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுவாள், ரொம்ப நாள் கழித்துச் சேர்ந்து டீ குடிக்கலாம் என்று மனசு துள்ளிக்கொண்டிருந்தது. அக்கா வேகத்தைக் குறைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். பை தோளுக்குப் போனது. பொத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

திரை மங்கவில்லை. பளீரென்று விரிந்தது. பூப்பூவாகக் கொட்டியது, மேளமும் குழலுமாகச் சத்தம் போட்டது. நடுவில் பெரிய எழுத்தில், 'போகாதீங்க! உங்களுக்காகவே இலவசச் சுற்றுகள்!' என்று மின்னியது. ஒரு பெண் குரல் அதையே கொஞ்சலாகச் சொல்லவும் சொன்னது. அக்கா சிரித்துக்கொண்டே பையை மடியில் வைத்தாள். அடுத்த முறை பையைத் தொட்டபோதும் அப்படித்தான். பழைய இயந்திரத்திலாவது அவள் சில நாள் பஸ்ஸைப் பிடிக்க எழுந்திருப்பாள். இதில் அதற்கும் வழியில்லை. எந்த நிமிஷத்தில் அவளைப் பிடித்தால் விழுவாள் என்று இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் தூணுக்குப் பின்னால் நின்று வியர்த்துக்கொண்டிருந்தான். பாவி! தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் மேலாளரின் மேஜை முன்னால் போய்க் கத்தினான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினான். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"ஏற்ற செயல்னுதானே எழுதியிருக்கு? எங்களுக்கு இது ஏற்றது. நீங்க சொன்ன அந்த மங்கற விஷயமும் பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க. அதை வேற யாரும் பண்ண முடியாது."

"யாராவது பண்ணட்டுமே சார்! வேற கம்பெனியாவது பண்ணட்டும்!"

"பண்ணினா கேஸ் போடுவோம்" என்றார் அவர், சாதாரணமாக.

வக்கீலம்மாவிடம் ஓடினான். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பேட்டண்ட்ங்கறது ஒண்ணைச் செய்யறதுக்கான உரிமை இல்லீங்க. அடுத்தவங்க செய்யாமத் தடுக்கற உரிமை. அது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"நீங்க சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே" என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. அதை வைத்து என்ன செய்ய?

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தான். விட்டால் தகட்டைக் கழற்றுவார்கள், இயந்திரத்தைக் கழற்ற மாட்டார்கள். வீட்டில் பேசிப் பார்த்தான். "மத்தியானத்துல எங்கக்கா போறே?" என்றால், "சும்மா காலாற நடந்துட்டு வரேன்டா" என்பாள், முகத்தைப் பார்க்காமல். பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொல்கிறாள், பொய் கேட்கத் தெரியாதவன் கேட்டுக்கொள்கிறான். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் வாசலில் மடக்கி, "வீட்டை விக்கறீங்களாமே? புரோக்கர் வந்து அளந்துட்டுப் போனாரே, சொல்லவே இல்ல?" என்றார். பொத்தான் நேராகப் பேருந்து நிலையத்துக்கு நடந்தான். இந்த முறை தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. கை தானாகப் பையைத் தேடியது.

"நீ எங்கடா இங்க? நான் சும்மா... இப்பத்தான் வந்தேன். தெரிஞ்சவங்க ஒருத்தங்க..."

"அக்கா, பேசாம இரு. நான் சொல்றதைக் கேளு." கை நீட்டித் திரையைக் காட்டினான். "இந்த மெஷின் எங்க கம்பெனியோடது. இதைப் பண்றதுதான் என் வேலை. நீ கிளம்பறப்ப எல்லாம் போகாதீங்கன்னு ஒண்ணு வருதே, அது நான் கண்டுபிடிச்சது. உன்னைப் பின்னாடி நின்னு பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். நீ கண்ணாடி துடைக்கறது, பையை மாட்டறது எல்லாத்தையும் பாத்து எழுதினேன். உன்னை இங்க கட்டிப்போட்டு வெச்சிருக்கறது நான்தான்க்கா."

அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்தால் நல்லது என்றிருந்தது. அறைந்து, அழுது, எழுந்து வெளியே நடந்தால் போதும். ஆயுசுக்கும் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. அக்கா அவனையே பார்த்தாள். அந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"நீயா?" என்றாள். "அது நீயாடா?"

"அக்கா..."

"மாமா போனதுக்கு அப்புறம் என்னைப் போகாதேன்னு ஒருத்தர் சொன்னதில்லடா. மக வீட்டுக்குப் போனா, வந்த அன்னிக்கே எப்ப கிளம்பறேன்னு கேக்கறாங்க. இது ஒண்ணுதான் ஒவ்வொரு தடவையும் வாய் நிறைய இருக்கச் சொல்லுது. யாரோ சொல்றாங்கன்னு இருந்தேன். என் தம்பியா?" கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்காமலே மறுபக்கத்து நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தவளின் தோளைத் தட்டினாள். "இவன் என் தம்பி. இந்த மெஷினே இவன் பண்ணினதுதான்!"

அந்த அம்மாள் ஆவலாகத் திரும்பி, "அப்படியா தம்பி? பரிசு எப்ப விழும்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"அக்கா, நான் சொன்னது உனக்குப் புரியல. இது ஏமாத்து. எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்" என்று அவள் கையைப் பிடித்தான். அவள் அந்தக் கையின் மேல் தன் இன்னொரு கையை வைத்தாள், காய்ச்சல் வந்த குழந்தையைத் தடவுகிற மாதிரி.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். இத்தனை நாள் இங்க உக்காந்திருக்கறப்ப உள்ளுக்குள்ள ஒரு பயம் அரிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் போயிடலாம் போயிடலாம்னு பையை எடுப்பேன். எவனோ பண்ணின மெஷின், நம்மளை என்ன பண்ணுமோன்னு. நீ பண்ணினதுன்னா எனக்கென்ன பயம்? நீ என்னைக் கெடுப்பியா?"

கெடுப்பேன் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அக்கா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பையை மடியிலிருந்து எடுத்துக் காலுக்குக் கீழே தரையில் வைத்தாள். வீட்டில் உட்கார்வது போல நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அழுத்த ஆரம்பித்தாள். பொத்தான் பக்கத்திலேயே இருந்தான். கூடத்தைப் பூட்ட ஆள் வரும்வரை அந்த இயந்திரம் அவளிடம் ஒரு தடவைகூடப் போகாதீங்க என்று சொல்லவில்லை. அழுத்துகிற வேகமும் குறையவில்லை, கை பையையும் தேடவில்லை; சொல்லும்படி அவள் வைக்கவில்லை.