இடது தொடைப் பட்டை

பறப்பதற்கு முன் நான் வாய்விட்டுச் சொல்லும் வரிசை ஒன்று உண்டு. தலைக்கவசம், நெஞ்சுப் பட்டை, வலது தொடைப் பட்டை, இடது தொடைப் பட்டை, இறக்கையின் கயிறுகள், காற்று, இறங்குமிடம். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் ஆலையின் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. கையால் தொட்டுப் பார்க்காத எதையும் சரி என்று சொல்லிப் பழக்கமில்லை. அக்காவின் கணவரான மாமாவுக்கு இது வேடிக்கை. "சீர் சாமான் சரிபாக்கற சம்பந்தியாட்டப் பாக்குது இந்த அம்மணி" என்பார். ஆனாலும் நான் முடிக்கும்வரை பொறுமையாக நிற்பார்.

மாமாவுக்கு அதே ஊரில் லேத் பட்டறை. நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில்தான் மலைச்சரிவு ஒன்றில் பாராகிளைடிங் கற்றுக்கொண்டோம். அக்கா பறந்ததில்லை. டீ ஃபிளாஸ்க்கும் தட்டுமுறுக்குமாகக் கூட வருவாள். நாங்கள் காலைத் தரையில் வைக்கும்வரை முறுக்கு டப்பாவைத் திறக்கமாட்டாள்.

சித்திரைக் கடைசியில் கேரளக் கடலோரத்துக்குப் போனோம். செம்மண் பாறை செங்குத்தாக நிற்கும் இடம் அது. கடற்காற்று பாறையில் மோதி மேலெழும். அந்த எழும் காற்றிலேயே விளிம்பை ஒட்டி இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருக்கலாம். மலையைப் போல இங்கே காற்று உதைக்காது. மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை ஒரே சீராக வரும் என்று சொல்லியிருந்தார்கள். கிளம்பிய மேட்டிலேயே திரும்ப இறங்குவது எங்கள் திட்டம். காற்று குறைந்து விளிம்புக்குக் கீழே போய்விட்டால் கடற்கரை மணலில் இறங்கலாம். மதியம் பார்த்தபோது லாரி போகிற அகலத்துக்கு மணல் கிடந்தது.

டீக்கடை டிவியில் மலையாளத்தில் ஓர் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. கள்ளக்கடல் வருகிறது, யாரும் கரைக்குப் போக வேண்டாம் என்றது. எங்கோ தூரத்துக் கடலில் எழும்பிய அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் திருடன்போல வந்து கரையேறுவதற்கு அங்கே அப்படிப் பெயர். அக்கா மாமாவைப் பார்த்தாள்.

"நாம எங்க கரைக்குப் போறோம்? மேலதான போறோம்" என்றார் மாமா.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே வளர்ந்தவர்களுக்குக் காற்று தெரியும். அன்று காலையிலிருந்து நாங்கள் பார்த்ததெல்லாம் காற்றைத்தான். கடலைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீருக்கு மேலே பறக்கும்போது போடும் மிதவைச் சட்டையும் எங்களிடம் இல்லை. அந்த மேட்டில் வழக்கமாகப் பறக்கும் உள்ளூர்க்காரர்கள் ஒருவர்கூட அன்று வரவில்லை. இடம் நமக்கே என்று சந்தோஷப்பட்டோம்.

முதலில் நான் பறந்து, மேட்டிலேயே இறங்கினேன். பிறகு மாமா. அவருக்கு அந்தக் காற்று பிடித்துப்போயிற்று. வாக்கி-டாக்கியில் இறங்கச் சொன்னேன். இன்னும் ஒரு நடை என்றார். அந்த நடையில்தான் காற்று விழுந்தது. மேகம் எதுவும் வந்து மறைக்கவில்லை. புல் சாய்வதை நிறுத்தியது, அவ்வளவுதான். அவர் மேட்டுக்குத் திரும்ப முயன்றபோது விளிம்பைவிட ஓர் ஆள் உயரம் தாழ்ந்திருந்தார். பாறையில் மோதாமல் வெளியே திருப்பிக்கொண்டார். அது சரியான முடிவு.

நான் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தேன். மணல் இல்லை. அலை பாறையின் அடியிலேயே உடைந்துகொண்டிருந்தது. வடக்கே படகு ஏற்றும் இடம் ஒன்று இருந்தது. அதுவரை போக அவருக்கு உயரம் போதாது.

தண்ணீரில் இறங்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இருவரும் படித்திருந்தோம். நனைந்த இறக்கையை அலை இழுக்கும். கயிறு காலில் சுற்றும். பட்டைகளும் இருக்கையும் சேர்ந்த ஹார்னஸின் அடியிலுள்ள பஞ்சு மிதந்து, ஆளை முகம் குப்புறத் தள்ளும். ஆகவே மேலே இருக்கும்போதே பட்டைகளின் பக்கிள்களைக் கழற்றிவிட வேண்டும். ஆனால் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்து, கால் தண்ணீரைத் தொட்ட பிறகே நழுவி வெளியே வர வேண்டும். தண்ணீர்ப் பரப்புக்கு மேலே உயரம் கண்ணுக்குப் பிடிபடாது என்பதால் முன்னதாகக் குதிக்கக் கூடாது.

"மாமா, மணல் இல்லைங்க. தண்ணீலதான் எறங்கோணும். ரெண்டு பிரேக் கயித்தையும் வலது கையில புடிச்சுக்குங்க. இடது கையில பக்கிளக் கழட்டுங்க. எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், காலை மட்டும் ஆட்டுங்க."

அவர் காலை ஆட்டினார். இடது கை நெஞ்சுக்குப் போனது. பிறகு வலது தொடைக்கு.

அக்கா என் பக்கத்தில் நின்றாள். கால் ஆடியது அவளுக்குப் போதவில்லை. என் கையிலிருந்த வாக்கி-டாக்கியைப் பிடுங்கினாள்.

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

அவருடைய இடது கை தொடையிலிருந்து எழுந்து, தோளில் மாட்டியிருந்த வாக்கி-டாக்கியின் பேசும் பொத்தானுக்குப் போவதைப் பார்த்தேன். அக்கா கூப்பிட்டு அவர் பதில் பேசாமல் இருந்ததை நான் கண்டதில்லை. லேத் ஓடும் சத்தத்திலும் ஃபோனை எடுத்து, "சொல்லு கண்ணு" என்பார்.

"கேக்குது கண்ணு. வாரேன், இரு."

கை மறுபடி கீழே இறங்குவதற்குள் அலை அவரை எடுத்துக்கொண்டது.

இறக்கை ஒருமுறை வெள்ளத்தில் விரிந்த துணிபோலத் தெரிந்து உள்ளே போனது. நான் படகுகள் இருந்த பக்கம் ஓடிக் கத்தினேன். நான்கைந்து பேர் கயிற்றோடு இறங்கினார்கள். முதல் இரண்டு முறை அலை அவர்களையே தூக்கிப் பாறையில் அடித்தது. அவரை மேலே கொண்டுவந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. நெஞ்சை அழுத்தினேன். மருத்துவமனைவரை வண்டிக்குள்ளேயும் அழுத்திக்கொண்டே போனேன். அங்கே ஒரு நர்ஸ் என் கைகளைப் பிடித்து எடுத்துவிட்டார்.

ஹார்னஸை நான்தான் கழற்றினேன். நெஞ்சுப் பட்டை திறந்திருந்தது. வலது தொடைப் பட்டை திறந்திருந்தது. இடது தொடைப் பட்டை பூட்டியபடி இருந்தது.

மறுநாள் அவர் உடலோடு எல்லையில் வாளையாரைத் தாண்டினோம். மேற்கிலிருந்து காற்று பலமாக வந்தது. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த காற்று. ஆம்புலன்ஸ் கொஞ்சம் ஆடியது. அக்கா அவர் தலைப்பக்கம் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் அக்கா அந்தப் பதிலைச் சொன்னாள். "நான் கூப்பிட்டனுங்க. வாரேன் இருன்னாருங்க. எங்கிட்டப் பேசிப்போட்டுத்தான் போனாரு." வந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அந்த நேரத்திலும் பெண்டாட்டிக்குப் பதில் சொன்ன மனுசன் என்றார்கள். நான் ஒவ்வொரு முறையும் எழுந்து உள்ளே போனேன். அவளிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு என்ன விலை என்பதை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

மாதங்கள் ஓடின. பட்டறையை அக்காவே நடத்த ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடி அறையிலிருந்த ஹார்னஸை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள். உப்புப் பூத்து விறைத்திருந்தது.

"இதுல எதைக் கழட்டாம விட்டாரு?"

காட்டினேன். அவள் அந்த பக்கிளை மூடினாள். ஒரு கையால் திறந்தாள். மறுபடி மூடித் திறந்தாள். லேத்துக்காரர் வீட்டுப் பெண்ணின் கை, உடனே பிடிபட்டுவிட்டது.

"இதுக்கு ஒரு நொடி ஆவுமா?"

"அவ்வளவுதான் ஆவும்க்கா."

"எனக்குப் பதில் சொன்ன நேரம்."

அலை முந்திக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. ஆனால் அவள் பக்கிளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க்கா."

அக்கா அழவில்லை. ஹார்னஸை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். அக்கா பட்டையில் பூத்திருந்த உப்பை நகத்தால் சுரண்டினாள்.

"காலை ஆட்டுனாரே. நீ பதில் வேண்டாம்னுதான சொன்ன. எனக்குத்தான் குரல் வேணும்னு இருந்துச்சு." பிறகு, "நீ பறக்கப் போறவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறியா?" என்று கேட்டாள்.

நான் பறப்பதை விட்டுவிட்டேன், ஆனால் புதிதாகக் கற்பவர்கள் கேட்டால் பாதுகாப்பு முறைகளைச் சொல்கிறேன் என்றேன். கடல், அலை, மிதவைச் சட்டை எல்லாம் இப்போது வரிசையில் வருகின்றன என்றேன்.

"இதையும் சொல்லு. எம்பேரு வேண்டாம். ஆனா நடந்தத நடந்த மாதிரியே சொல்லு. வாக்கி-டாக்கிய ஊட்டு ஆளுங்க கையில குடுக்காதீங்கன்னு சொல்லு."

அன்றிலிருந்து சொல்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்ன அந்தப் பதிலை அக்கா அதன்பிறகு யாரிடமும் சொல்லி நான் கேட்கவில்லை.