காயம் படாமல் வெட்டு

அப்பாவின் வீட்டுப் பின்னால் நின்ற ரப்பர் மரத்தை எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டு நான் வரவழைத்த முதல் ஆள், மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் காரைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வளையல்களைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் அண்ணாந்து பார்த்து, "பெரிய மரம்" என்றார். பெரிய மரம் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தானே ஆளைக் கூப்பிட்டேன்! அவர் சொன்ன விலைக்கு நல்ல மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

வீடு கோல சிலாங்கூர் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. ஒரு காலத்தில் அது முழுக்க ரப்பர் தோட்டம். ரப்பரை எடுத்துவிட்டுச் செம்பனை வைத்தபோது தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் உடைத்தார்கள். அங்கே வேலை செய்தவர்களில் சிலருக்குத் தோட்டத்து ஓரத்தில் சின்னச் சின்ன மனை கிடைத்தது. அப்பாவுக்குக் கிடைத்த மனையின் மூலையில் எப்படியோ ஒரே ஒரு ரப்பர் மரம் தப்பி நின்றது. அதை யாரும் தொடக்கூடாது என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

மரம் தன்னிஷ்டத்துக்கு வளர்ந்தது. வருஷத்துக்கு ஒரு முறை மொத்த இலையையும் கொட்டிப் பின்னாலிருந்த கால்வாயை அடைத்தது. காய் வெடிக்கும் காலத்தில் தகரக் கூரை மேல் யாரோ கல்லெறிகிற மாதிரி சத்தம் கேட்கும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. ஆனால் ரப்பர் மரத்துக்குக் காற்று ஆகாது. மற்ற மரங்கள் வளைந்து கொடுக்கும் இடத்தில் இது படக்கென்று முறியும். போன மழைக் காலத்தில் ஒரு சாயங்காலம் அப்படித்தான் ஒரு கிளை முறிந்து அடுப்படிக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தது. அப்பா அப்போது ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிளை, அதைவிடப் பருமனானது, நேராக அவர் படுக்கிற அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

வேறு அறையில் படுங்கள் என்றால் மாட்டார். அவர் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. கண் விழித்தால் மரம் தெரிய வேண்டும். ராவாங்கில் இருந்த என் பிளாட்டுக்கு ஒரு முறை கூட்டிப் போய்ப் பார்த்தேன். லிப்ட் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டார். சோற்றைத் தொடவே இல்லை. கடைசியில் தோற்றது நான்தான். பிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அப்பாவோடு வந்து சேர்ந்தேன். விடியற்காலையில் கிளம்பி ராவாங்கில் ஆபீஸ் வேலைக்குப் போய் வருகிறேன். பகலில் பக்கத்து வீட்டு அக்கா அவரைப் பார்த்துக்கொள்கிறார்.

அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. அம்மா இறந்ததை மறந்துவிட்டு, இன்னும் கடையிலிருந்து வரவில்லையா என்பார். யார் கொடுத்தாலும் சந்தேகம். அக்கா காப்பி கலக்கிக் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார். "என்னடி, உங்கப்பா என்னை விஷம் வைக்கிறவ மாதிரி பாக்குறாரு" என்று அக்கா சிரிப்பார். நான் கொடுத்தால் மட்டும் எதையும் கேட்காமல் வாயைத் திறப்பார். மாத்திரையோ, கசப்பு மருந்தோ, உப்பில்லாத கஞ்சியோ, எதுவானாலும் சரி. என்னை நம்பினார். அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். எனக்கும் அதுதான். அதனால்தான் அவர் சம்மதமில்லாமல் மரத்தில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜோகூரிலிருந்து தம்பி போனில் புத்தி சொன்னான். "அவருக்குத்தான் எதுவும் ஞாபகம் நிக்கலியே, ஒரு நாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. வர்றதுக்குள்ள சாச்சிடச் சொல்லு. முடிஞ்சிருச்சு லா."

"நீ வந்து கூட்டிட்டுப் போ. திரும்பி வந்து ஜன்னல் வழியா பாக்குறப்போ நீயே பக்கத்துல நின்னு பதில் சொல்லு" என்றேன். அவனுக்கு உடனே வேறு லைனில் கால் வந்துவிட்டது.

கேட்டுப் பார்க்காமலும் இல்லை. நல்ல மனநிலையில் இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அந்த மரத்தைச் சாச்சிடலாமா? வூட்டு மேல விழுந்துடும்பா" என்பேன். "சாய்க்கிற பேச்சே பேசாத" என்பார். குரல் மாறிவிடும். இதுவரைக்கும் என்னை அடிக்காத மனுஷர், அடித்துவிடுவாரோ என்று தோன்றும்.

இரண்டாவதாக வந்த காண்டிராக்டர் தமிழர், கிள்ளான் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். இவர் மரத்தைத்தான் முதலில் பார்த்தார். சுற்றி வந்து தட்டினார். இரண்டு பக்கமும் வீடு, முன்னால் மின்கம்பி, பின்னால் கால்வாய், கிரேன் உள்ளே வர வழியில்லை. ஆள் ஏறிக் கயிறு கட்டித் துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும் என்றார்.

"வெட்டுறது சீப்புதான் கா. வெட்டினத வெளிய கொண்டு போறதுலதான் காசு. லோரி எத்தன நட வரணுமோ."

"ரப்பர் பலகைக்கு நல்ல விலை இருக்கே, மரத்த நீங்களே எடுத்துக்கிட்டுக் கொறச்சுக்கோங்க."

"வூட்டு மரத்த எந்த மில்லும் வாங்காது கா. உள்ள ஆணி இருக்கும், கம்பி இருக்கும், வாள் போயிடும்."

அதுவும் உண்மைதான். துணிக்கொடி கட்ட அப்பா அடித்த ஆணிகளை மரம் முழுங்கி ரொம்ப நாளாயிற்று. அடிக்கட்டையை எடுக்கத் தனிக் காசு என்றார். கட்டை இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். பேரம் பேசி, என் இரண்டு மாதச் சம்பளத்தில் வந்து நின்றது. முதல் ஆள் சொன்னதைவிடக் குறைவுதான்.

"காசு இருக்கட்டும். அப்பா ஒத்துக்கணும்" என்றேன்.

"நான் கேக்குறேன் கா, பெரியவங்க கிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்" என்று அவர் நேராகப் போய் அப்பா முன்னால் குனிந்தார். "தாத்தா, பின்னால ஒரு ரப்பர் மரம் நிக்குதே, வெட்டிடலாமா?"

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. சொல்லப் போனால் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு தெளிவு வந்திருந்தது.

"வெட்டேன், அதுக்கென்ன. மழ பேஞ்சா மட்டும் வெட்டாத."

"சேச்சே, ஈரத்துல வெட்ட மாட்டோம் தாத்தா."

"காயம் படாம வெட்டு."

"யாருக்கும் காயம் படாது. நம்ம பையனுங்க பழக்கப்பட்டவனுங்க, இன்சூரன்ஸ் கூட இருக்கு" என்றார் காண்டிராக்டர். அப்பா திருப்தியாகத் தலையாட்டினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் நான் கெஞ்சியும் மசியாதவர், யாரோ ஒருத்தர் கேட்டதும் சரி என்கிறாரே என்று கொஞ்சம் பொறாமை கூட வந்தது. அன்றைக்கே முன்பணம் கொடுத்தேன். தம்பிக்குப் போன் போட்டு, அப்பாவே ஒத்துக்கொண்டார் என்று பெருமையாகச் சொன்னேன்.

மரம் எடுக்க வந்த காலை, வானம் வெளுத்துக் கிடந்தது, மழை இல்லை. அப்பா எனக்கு முன்பே எழுந்து தயாராக இருந்தார். வெயில் நாளில் முழுக்கைச் சட்டை, பழைய கால்சட்டை, தலையில் துண்டு. பக்கத்தில் குளியலறையிலிருந்த பிளாஸ்டிக் வாளி. வந்தவர்களை மேற்பார்வை பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னப்பா, தோட்டத்து மண்டோர் மாதிரி நிக்கிறீங்க?" என்று சீண்டினேன்.

"நேரமாவுது, வெயில் ஏறிடும்" என்றார்.

அன்றைக்கு அவரை அக்கா வீட்டில் உட்கார வைப்பதாகத்தான் முதலில் ஏற்பாடு. அவரே சம்மதித்த பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன். பின்கதவுப் படியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார். அப்பா முகத்தைச் சுளித்தார்.

"ஏன் மேல ஏறுறான்?"

"மேலேருந்துதானப்பா ஆரம்பிக்கணும்."

இயந்திர வாள் உறுமியது. அறைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கிளை கயிற்றில் தொங்கி ஆடியபடி இறங்கியது. அடுத்தது, அதற்கடுத்தது. வெட்டுப்பட்ட இடங்களிலிருந்து பால் சொட்டத் தொடங்கியது. தரையில், கீழே கிடந்த இலைகளில், எங்கும் வெள்ளைப் பொட்டுகள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா வாளியோடு மரத்தடிக்குப் போய்விட்டார். சொட்டுகிற பாலுக்கு நேராக வாளியை வைக்கப் பார்க்கிறார். மேலே அடுத்த கிளை பாதி அறுபட்டு நிற்கிறது. காண்டிராக்டர் போட்ட கத்தலில் எனக்கு உயிர் போய் வந்தது. ஓடிப் போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன்.

அப்பா என் கையை உதறிவிட்டு மேலே காட்டினார். "இது வெட்டுறதா? இது சாய்க்கிறது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் பால் எடுப்பது. பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலைக்கு அதுதான் பெயர். என் அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் மரம் வெட்டப் போனவர்கள்தான். மழை பெய்தால் பட்டை ஈரமாகிவிடும், வெட்ட மாட்டார்கள். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் அதற்குப் பெயர் காயம், அதற்குக் கூலியில் பிடிப்பார்கள். மரத்தை அடியோடு வீழ்த்துவதற்கு வேறு சொல். அது சாய்ப்பது. தோட்டத்துக்காரர்கள் ரப்பர் மரங்களைச் சாய்த்த வருஷம்தான் எங்கள் லயமும் போனது, வேலையும் போனது. இத்தனையும் தெரிந்த நான், லயத்தில் பிறந்த நான், அந்தப் பேச்சுவார்த்தையைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கிள்ளான்காரருக்குத் தெரியாதது நியாயம். எனக்கு என்ன வந்தது? ஆபீஸ் தமிழ் பேசிப் பேசிக் காது மரத்துப் போயிருந்ததா, இல்லை அந்தச் சம்மதம் எனக்கு அவ்வளவு தேவைப்பட்டதா என்று இன்னும் தெரியவில்லை.

"நிறுத்துங்க" என்றேன்.

காண்டிராக்டர் வாளை நிறுத்தச் சொன்னார். ஆனால் மேலே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஒரு பக்கக் கிளை பூரா எறக்கியாச்சு கா. இப்ப எல்லா வெயிட்டும் அந்தப் பக்கம். விட்டா பக்கத்து வூட்டு மேல போயிடும். பாதில நிறுத்த முடியாது."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பாவும்.

"முடிச்சிடுங்க" என்றேன்.

அப்பாவை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் திமிறவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டார். வாள் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது. கையைப் பிடித்தேன், இழுத்துக்கொண்டார். அடிமரம் விழுந்தபோது வீடு ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. லோரி கடைசி நடை போன பிறகு கஞ்சி கொண்டு போனேன். அப்பா கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு தள்ளி வைத்தார்.

அவர் மறுபடி என் கையால் சாப்பிடச் சில நாட்கள் ஆயின. மன்னித்ததால் இல்லை, மறந்ததால். அந்த மறதிக்கு நான் நன்றி சொன்னேன் என்றால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ. ஆனால் மறதி அதோடு நிற்கவில்லை. மரம் போனதையும் சேர்த்தே அவர் மறந்திருந்தார். தினமும் காலையில் கண் விழித்து ஜன்னலைப் பார்ப்பார். வெறும் வானம் இருக்கும்.

"மரம் எங்க?"

"சாச்சிட்டோம்பா."

"யாரு சாச்சா?"

"நான்தாம்பா சொன்னேன். வூட்டு மேல விழுந்துடும்னு."

ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு நாளும் அதே முகம், மரத்தடியில் நின்று என் கையை உதறிய அன்றைக்கு இருந்த அதே முகம். அதன் பிறகு காலைக் கஞ்சி அப்படியே ஆறும். மாத்திரை போகாது. நான் ஆபீசுக்கு ஓட வேண்டும். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அக்காதான் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "தெனம் தெனம் அந்த மனுசன எதுக்குடி சாகடிக்கிற?" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் அப்பா வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துவிட்டு மரம் எங்கே என்று கேட்டார். நான் கிண்ணத்தைப் பார்த்தபடி, கஞ்சியைக் கிளறியபடி சொன்னேன்.

"காத்து அடிச்சுச்சுல்லப்பா. விழுந்துடுச்சு."

அவர் பதறி எழுந்தார். என் தோளைப் பிடித்துத் திருப்பி, தலையைத் தொட்டுப் பார்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார்.

"உனக்கு எங்கயும் காயம் படலியேம்மா?"

இல்லப்பா என்றேன். அவர் வாயைத் திறந்தார். நான் கஞ்சியை ஊட்டினேன்.