அப்பாசாமி முதலாளியும் தெருவில் நீட்டிய பாவும்

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடியிருக்கும் ஆரணிப் பெரியோர்களுக்கும் முதலாளியின் வீட்டாருக்கும் வணக்கம். முழங்கால் வீக்கத்தால் போளூரிலிருந்து நேரில் வர முடியவில்லை. இதை முதலாளியின் மகன் ஏகாம்பரம் படித்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். எழுதப்போவதை முன்னதாக எண்ணிட்டுக்கொள்ளாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது. ஆரணிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த பழக்கம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. செய்தி எனக்கு வந்த விதம்.
2. கூலியாளாக இருந்தவர் முதலாளியான விதம்.
3. அவர் தம்பி வடிவேலு கொல்லப்பட்ட காலை. நெசவுக்காகத் தெருவில் நீட்டிய பட்டுப் பாவு குறுக்கே இருந்தபடியால் அன்று தெருவில் இருந்த எவராலும் அவனைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பது.
4. அதற்குப் பிறகு அவர் வீட்டையும் தொழிலையும் நடத்திய விதம்.
5. அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சியிருப்பது.

செய்தி சந்தையில் வந்தது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆரணித் தறிக்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டார்.

"வாத்தியாரே, மொதலாளி பூட்டாருங்க."

"எந்த முதலாளி?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"இன்னா இப்படிக் கேக்குறீங்க? அப்பாசாமி மொதலாளிதான். காலையில பாவு நீட்டிகினு இருந்தாங்க. பாத்துகினே நின்னாரு. அப்படியே சரிஞ்சிட்டாரு."

"ருக்மணி அம்மாள்?"

"வாசலுக்கு வந்தாங்க. ஒரு தரம் பாத்தாங்க. அழல. உள்ள பூட்டாங்க."

ருக்மணி அம்மாள் வடிவேலுவின் மனைவி. இருபது வருஷத்துக்கு மேலாக முதலாளியின் வீட்டிலேயே இருப்பவர். அவ்வளவு வருஷமும் அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவர். தம் கணவரைக் காப்பாற்றியிருக்கக்கூடியவர் முதலாளி ஒருவர்தான், காப்பாற்றவில்லை என்பது அந்த அம்மாளின் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் இன்றும் உங்கள் நடுவே உட்கார்ந்திருப்பார். அது மாறுமானால் மாறட்டும் என்றுதான் இதை எழுதத் துணிந்தேன்.

இரண்டாவது. முதலாளி இருபது வயதில் பாவு பிடிக்கும் கூலியாள். அவருடைய எசமானர், நாற்பது இழை அறுந்துவிட்டதென்று, அவருடைய வலது கையைக் கல்லின் மேல் வைக்கச் சொல்லி மூங்கில் கழியால் அடித்தார். இழைக்கு ஓர் அடி என்று வாய்விட்டு எண்ணி அடித்தார். பதினேழாவது அடியில் கழி முறிந்தது. இரண்டு விரல்கள் கோணலாகவே கூடின. அந்தக் கோணல் விரல்களால் அவர் அறுந்த இழையைப் பிணைக்கும் வேகம் ஊரில் வேறு எவருக்கும் வந்ததில்லை.

"மீதி இருபத்து மூணு அடிக்கு வேற கழி எடுத்தாந்தாரா?" என்று ஒருமுறை அறிவில்லாமல் கேட்டுவிட்டேன்.

"அதுக்குள்ள மயக்கம் போட்டுட்டேன் வாத்தியாரே. மனுசன் ஏமாந்துட்டாரு," என்று வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, "அடிச்சவன் மொகம் மறந்துபோச்சி. கை மட்டும் மறக்கல. என் தறியில எவனும் எவனையும் தொடக்கூடாது," என்றார்.

சொந்தமாக ஒரு தறி, பிறகு நான்கு, பிறகு தம்பியையும் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டு. அந்நாளில் ஆரணியில் கச்சாப் பட்டு ஒரே வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். அவர் பெயர் இங்கே வேண்டாம். அண்ணனும் தம்பியும் வண்டி கட்டிக்கொண்டு கொள்ளேகாலத்துக்கே போய்ப் பட்டு வாங்கி வந்தார்கள். வியாபாரி ஆள் அனுப்பினார்: "அடுத்த தரம் வண்டி மட்டுந்தான் திரும்பி வரும்." இவர்கள் அடுத்த தரமும் போனார்கள், வந்தார்கள்.

மூன்றாவது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் மாப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பட்டு இழைகளைத் தெருநெடுக, இடுப்பளவு உயரத்தில், கழிகளின் மேல் நீட்டிக் கஞ்சி பூசி உலர்த்துவதைப் பாவு என்கிறோம். நீட்டிய பாவை எவரும் தாண்டுவதில்லை. குனிந்து அடியில் நுழைவதும் இல்லை. பிணம் வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போகும். அன்று காலை நான்கு பாவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவின் முக்கால் பங்கை நீளவாட்டில் பிரித்திருந்தன. வடசாரியில், அதாவது தெருவின் வடக்கு வரிசை வீடுகளின் பக்கம், முதலாளி நின்று கஞ்சி பூசிக்கொண்டிருந்தார். வடிவேலு தென்சாரியில், தன் வீட்டு வாசலில், பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

நான்கு பேர் தென்சாரி வழியாக வந்தார்கள். கையில் இரும்புப்பூண் போட்ட தடிகள். முதல் அடி வடிவேலுவின் முழங்காலில் விழுந்தது. ஈரக் குச்சி முறிவதுபோல ஒரு சத்தம். இரண்டாவது அடி வாயில். பல்பொடியும் ரத்தமுமாக ஏதோ சொல்ல வந்தான், பல் உதிர்ந்தது.

"டேய், அவன வுடுங்கடா! நான்தான்டா கொள்ளேகாலம் போனவன்! என்ன அடிங்கடா!" என்று முதலாளி வடசாரியிலிருந்து கத்தினார்.

"வாயேன் மொதலாளி! தாண்டி வா! பட்டு அறுந்துபூடும்னு பாக்குறியா?" என்று ஒருவன் சிரித்தான்.

இன்னொருவன், "ஜல்தி முடிடா," என்றான்.

அந்த நால்வரும் தறிக்குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஆளைக் கொல்ல வந்தவர்களின் தடி ஓங்கும்போதும் இறங்கும்போதும் ஒருமுறைகூடப் பாவின் மேல் படவில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

முதலாளி ஓடினார். பாவை ஒட்டியே கிழக்குக் கோடிவரை ஓடி, வளைந்து, தென்சாரியில் திரும்பி ஓடிவந்தார். அவர் வந்து சேரும்போது மண்டை இரண்டு இடத்தில் திறந்திருந்தது. வெறுங்கையால் ஒருவன் கழுத்தைப் பிடித்தார். அவன் காதைக் கடித்துத் துப்பினார். மற்றவர்கள் அவருடைய விலா எலும்புகளை உடைத்துவிட்டு ஓடினார்கள். வடிவேலு அவர் மடியில் போனான். பாவில் ஓர் இழைகூட அறுபடவில்லை.

வடிவேலுவை எடுத்த அன்று, ருக்மணி அம்மாள் கையிலிருந்த பித்தளைச் சொம்பை முதலாளியின் முகத்தில் வீசினார். "சுத்திகினு வந்தீங்களே! பட்டு பெருசாப் பூடுச்சா உங்களுக்கு?" அதுதான் அவர் முதலாளியிடம் பேசிய கடைசி வார்த்தை. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. முதலாளி துடைக்கவில்லை. பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்: "எத்தினியோ பேரு என்ன அடிச்சிருக்காங்க வாத்தியாரே. அவ அடிச்சதுதான் சரியா வுழுந்த அடி."

வழக்கில் நான் சாட்சி சொன்னேன். "பாவு குறுக்கே இருந்ததால் எவரும் நெருங்க முடியவில்லை," என்றேன். எழுதிக்கொண்டார்கள். இருவருக்குத் தீவாந்தர தண்டனை கிடைத்தது. வெளியே வந்ததும் முதலாளி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வூட்டுக்குப் போங்க வாத்தியாரே. வெயில் ஏறுது," என்றார்.

நான்காவது. தம்பியின் இரண்டு பெண்களும் சாப்பிட்டு எழாமல் அவர் இலையில் உட்கார்ந்ததில்லை. தம் மனைவிக்குப் புடவை எடுத்தால் அதே பாவில் நெய்த இன்னொன்று ருக்மணி அம்மாளின் அறை வாசலில் இருக்கும். அந்த அம்மாள் உடுத்தாத பட்டுப் புடவைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றைக் கட்டிக்கொண்டுதான் இரண்டு பெண்களும் மணையில் உட்கார்ந்தார்கள்.

தொழிலில் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். பாவு நீட்டும்போது பத்துக் கழிக்கு ஒன்றாகத் தீட்டிய அரிவாளைத் தொங்கவிடச் சொன்னார். அமங்கலம் என்று, அதற்குள் நாற்பதாகிவிட்ட தறிக்காரர்கள் அத்தனை பேரும் முணுமுணுத்தார்கள். "ஆளு பெருசா, பட்டு பெருசான்னு வந்தா பாவ அறுத்துடு. என்னக் கேக்காத," என்பதே பதில்.

ஏகாம்பரம், அடுத்ததைத் தயங்காமல் படி. உன்னைக் குறைத்துச் சொல்ல எழுதவில்லை. கோயில் காளை மிரண்டு வந்து, சாயம் காய்ச்சும் கிழவரைச் சுவரோடு வைத்து முட்டியது. கொம்பு வயிற்றில் ஏறியது. நீ பாவின் மறுபக்கம் நின்றாய். பழக்கத்தால் கோடியைப் பார்த்து ஓடினாய். உன் அப்பா அரிவாளை உருவி, கல்யாணப் பட்டு என்று பாராமல் ஒரே வீச்சில் பாவை அறுத்தார். இரு பக்கமும் இழைகள் சுருண்டு விழ, நடுவே புகுந்து காளையின் மூக்கில் வெட்டினார். கிழவர் குடலைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். பிறகு உன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவர் யாரையும் கைநீட்டி அடித்து நான் கண்டது அந்தக் கொலைக்குப் பிறகு அது ஒன்றுதான்.

"சுத்திகினாடா ஓடுற? நானும் சுத்திகினுதான்டா ஓடினேன்!"

சொல்லிவிட்டு, அறுந்த பட்டின் மேல் உட்கார்ந்து அழுதார். மகனின் கன்னத்தைத் தடவிக்கொண்டே அழுதார்.

ஐந்தாவதாக, அவருடைய உழைப்பு, பாசம், தைரியம் என்று எழுதுவதாக இருந்தேன். எழுத வரவில்லை. இரண்டு நாள் தாளை மூடி வைத்துவிட்டு, மேலே எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். நீதிமன்றத்தில் சொன்னதையே மூன்றாவது இலக்கத்திலும் எழுதியிருக்கிறேன். அது தவறு. அடித்துத் திருத்தாமல் விட்டிருக்கிறேன், நீங்களும் கேட்க வேண்டும் என்பதற்காக.

பாவு, வடசாரியில் நின்ற அவருக்குத்தான் குறுக்கே இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகிற வழி தென்சாரி. தடி விழுந்தபோது, இரண்டு வீடு தள்ளி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப்போல இன்னும் ஆறேழு பேர் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர், அவர்கள் நான்கு பேர். வடிவேலு ஒருமுறை என் பக்கம் தலையைத் திருப்பினான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஓர் இழைகூட இல்லை. முதலாளிக்கு இது தெரியும். ஓடிவரும்போது என்னைத் தாண்டித்தான் ஓடினார். ஒருநாளும் எவரிடமும் சொல்லவில்லை. பழியைத் தாமே வைத்துக்கொண்டார். அந்த மௌனத்தைத்தான் அவரிடமிருந்து இத்தனை வருஷம் நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

ருக்மணி அம்மா, அவர் சுற்றிக்கொண்டாவது ஓடிவந்தார். நான் பத்து அடி நடக்கவில்லை.