கவிழ்த்து வைத்த முறம்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். போன வாரம் எங்கள் செஞ்சி மல்லாட்டை மில், அதாவது வேர்க்கடலை மில் வாசலில் ஒரு பிள்ளை அழுதது பாருங்கள்... தொண்டை கட்டியதே தவிர, பால் கிடைக்கவில்லை!

எண்ணெய் வாங்கப் போயிருந்தேன். கேட்டுக்கு வெளியே அத்தைக்காரி இடுப்பில் குழந்தை. உள்ளே அதன் அம்மா அஞ்சலை, சிங்கவரத்துக்காரி, வரிசையில் உட்கார்ந்து சொத்தைப் பருப்பு பொறுக்குகிறாள். ரவிக்கை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"போய்க் குடுத்துட்டு வாயேன்" என்றேன்.

"எழுந்தா எடம் போயிடும்மா."

அந்த மில்லில் ஒரு வழக்கம். எழுந்து போகிறவள் முறத்தைக் கவிழ்த்து வைத்தால், திரும்பி வருவாள் என்று அர்த்தம். தண்ணீர் குடிக்கப் போனால் அது செல்லும். பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனால் மட்டும் செல்லாது! மேஸ்திரி முறத்தை நிமிர்த்தி, வேலைக்காக வாசலில் காத்திருக்கும் வேறொருத்தியை உட்கார வைத்துவிடுவார். அன்றைய பிழைப்பு போச்சு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வக்கீல் பெண்டாட்டி ஆயிற்றே, சட்டம் கொஞ்சம் காதில் விழும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு நேரம் போக, தினம் இரண்டு முறை பால் கொடுக்கப் போகலாம் என்று சட்டமே வந்துவிட்டது. அஞ்சலைக்கும் கேட்கும்படி மேனேஜரிடம் சொன்னேன்.

"சட்டம் டெல்லியில இருக்குதும்மா. மில்லு செஞ்சியில இருக்குது" என்று சிரித்தார்.

"ஏன், சட்டத்துக்கு செஞ்சி பஸ் கெடைக்கலியா?" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் அன்று அஞ்சலை எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் எண்ணெய் நிறையவே இருந்தது, அது வேறு விஷயம்.

குழந்தை அழுதது. அஞ்சலை எழுந்தாள். முறத்தைக் கவிழ்த்தாள்.

"எங்க போற?" என்றார் மேஸ்திரி.

"புள்ளைக்குப் பால் குடுக்க. சட்டம் இருக்குதாம். வந்து உக்காருவேன்."

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். மேஸ்திரி முறத்தை நிமிர்த்தி வாசலைப் பார்த்து ஒருத்தியைக் கூப்பிட்டார். வல்லத்துக்காரி, வயிறு லேசாகத் தெரிந்தது. அவளுக்கும் அன்று வேலை வேண்டும்தான். அவள் வந்து உட்கார்ந்துவிட்டால்?

வந்தாள். குனிந்தாள். முறத்தை மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

"இது அஞ்சலை எடம் மேஸ்திரி. நாளைக்கி நானும் இப்டித்தான் எழுந்து போவணும்."

அடுத்தவளைக் கூப்பிட்டார். அவள் வானத்தைப் பார்த்தாள். அதற்கடுத்தவள் தலையைச் சொறிந்தாள். பால் கொடுத்துவிட்டு வந்த அஞ்சலை, தன் இடத்தில் தானே உட்கார்ந்தாள்.

நேற்று எட்டிப் பார்த்தேன். வரிசையில் ஆங்காங்கே முறங்கள் கவிழ்ந்து கிடந்தன. மில்லில் இத்தனை பேருக்குக் கைக்குழந்தை இருப்பதே தெரியாதாம் மேனேஜருக்கு.

எப்படித் தெரியும்? இத்தனை நாளும் கேட்டுக்கு அந்தப் பக்கம்தானே அழுதுகொண்டிருந்தன!