நாலு வருஷப் படிப்பும் ஒரு ஊதா மூடியும்

விடிந்தும் விடியாத வேளையில், காபிகூடக் குடிக்காமல் காத்திருப்பவர்களின் வீட்டுக்குப் போய் ஊசியால் குத்துவது என் தொழில். அந்த நேரத்தில் நம்மைப் பார்த்துச் சிரிப்பவர் யாரும் கிடையாது.

நான் படித்தது பி.எஸ்சி. லேப் டெக்னாலஜி. மூன்று வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. பிசியோதெரபி, எக்ஸ்ரே, டயாலிசிஸ் என்று ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு, கல்யாண வீடுகளில் "அப்போ நீ டாக்டர் இல்லியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோன என் இனத்தவருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இந்த வருஷம் என் தங்கை திவ்யா பிளஸ் டூ முடித்தாள். அக்கா படித்ததுதான் எனக்கும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சீட்டும் கிடைத்துவிட்டது. முதல் வருஷப் பணத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். அப்பா சென்னை பாடியில் ஒரு பட்டறையில் லேத் மிஷின் ஓட்டுகிறார். மூட்டுவலி. பி.எஃப். பணத்தை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் வேலையை விட்டுவிடலாம் என்றிருந்தார். இப்போது அதில்தான் கைவைக்க வேண்டும். திங்கட்கிழமை என்னிடம் கேட்டார்: "நீ அத்த படிச்சவ. நீயே சொல்லு. கட்டலாமா, வாணாமா?"

வியாழக்கிழமை வரை டைம் கேட்டேன்.

ஆறு வாரம்

செவ்வாய்க்கிழமை வானகரத்தில் ஒரு பன்னிரண்டாவது மாடி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு கையை என்னிடம் நீட்டிவிட்டு, இன்னொரு கையால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பயத்தை மறக்கப் பேச்சுக் கொடுத்தார். என்ன படித்திருக்கிறீர்கள், எத்தனை வருஷம் என்றெல்லாம் விசாரித்தார். சொன்னேன். நான் பஞ்சை வைத்து அழுத்தி, "முடிஞ்சுது சார்" என்றதும் தைரியம் வந்து இந்தப் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, இதுக்கு நாலு வருஷமுங்களா? எங்க கம்பெனியில ஆறே வாரத்துல ஆளை ரெடி பண்ணிடுவாங்களே!"

சாந்தாக்காவின் சந்தேகம்

புதன்கிழமை எங்கள் கரையான்சாவடியிலேயே ஒரு வீடு. தையல் கடை சாந்தாக்கா, சின்ன வயசிலிருந்து என்னைப் பார்த்தவர். சர்க்கரைக்கு ரத்தம் எடுத்து முடித்ததும் ஒரு டப்பா நிறைய மாத்திரையைக் கொட்டி, எதை விடலாம், எதைப் போடலாம் என்று கேட்டார். "அதெல்லாம் டாக்டர்தான்கா சொல்லணும்" என்றேன். இடுப்பு வலிக்கு ஒரு ஊசியாவது போட்டுவிட்டுப் போ என்றார். அதற்கும் மாட்டேன் என்றேன். சாந்தாக்காவுக்கு என்மேல் கோபம் இல்லை, நிஜமான வருத்தம்தான். எங்கள் வீட்டுப் பணம் வீணாகிவிட்டதே என்ற வருத்தம்.

"மாத்திரையும் எழுத மாட்ட, ஊசியும் போட மாட்ட, ரத்தத்த மட்டும் எடுத்துகினு பூடுவ. அப்பறம் இன்னாத்துக்குமா நாலு வருசம் படிச்ச?"

இரண்டாயிரம் ரூபாய்

அம்பத்தூரில் எங்கள் லேப். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் சேகரிப்பேன். பத்து மணிக்குமேல் லேபில் உட்கார்ந்து பரிசோதனை. என்னோடு சேகரிக்கப் போகிறவர் பிரபு அண்ணன். ஒரு வருஷ சர்டிபிகேட் படிப்பு, பத்து வருஷ அனுபவம். நரம்பே தெரியாத கையில்கூட முதல் குத்திலேயே எடுத்துவிடுவார். பல நாள் நானே அவரைக் கூப்பிட்டிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அவரைவிட எனக்கு மாதச் சம்பளம் இரண்டாயிரம் ரூபாய் அதிகம். அன்றைக்கு டீ நேரத்தில் தங்கை விஷயத்தைச் சொல்லி யோசனை கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

"அந்த ரெண்டாயிரத்த வெச்சி நீ காலேஜுக்குக் கட்டுன துட்ட எடுக்கறதுக்குள்ள உனக்குத் தல நரச்சிடும்மா. தங்கச்சியையாவது காப்பாத்து!"

வேண்டாம் என்று சொல்லிவிடுவதென அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரே ஆள் ரத்தம்

வியாழக்கிழமை லேபில் ஒரு ரிசல்ட் வந்தது. ஏகாம்பரம், பாடியில் வெல்டர். பொட்டாசியம் எக்கச்சக்கம், கால்சியம் அதல பாதாளம். இதயம் நின்றுவிடக்கூடிய அளவு. வரவேற்பில் இருந்த பெண் பதறிப்போய், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று அவர் வீட்டுக்குப் போன் செய்துவிட்டாள்.

எனக்கு மட்டும் உறுத்தியது. ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து இருக்கும். அதிலேயே பொட்டாசியம் உண்டு; ரத்தத்திலிருக்கும் கால்சியத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டாவது வருஷம் ஒரு மத்தியான வகுப்பில், தூக்கத்தோடு போராடிக்கொண்டே நான் எழுதிக்கொண்ட பாடம். அந்த ரத்தத்தை எடுத்துவந்த பிரபு அண்ணனைக் கேட்டேன். பொட்டாசியம், கால்சியம் பார்க்கும் மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் குறைவாக இருந்ததாம், ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பினாராம். "ரெண்டும் ஒரே ஆளு ரத்தந்தானேமா?" என்றார் அப்பாவியாக.

லேப் டாக்டரிடம் சொன்னேன். உடனே போய் மறுபடி எடுத்து வா என்றார். நான் போனபோது வாசலில் ஆட்டோ நின்றது. மாற்றுத் துணிப் பையோடு ஏகாம்பரம் உள்ளே உட்கார்ந்திருந்தார். மனைவி அழுதுகொண்டிருந்தார், பாதித் தெரு கூடியிருந்தது. ஆட்டோவிலேயே ரத்தம் எடுத்தேன். அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து சீட்டு வாங்கி முடிப்பதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தது. உடனே போனில் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஏகாம்பரம் பேசினார்.

"ரொம்ப நல்லதும்மா, நல்லாருப்ப. ஆனா இந்த ஆட்டோக்காரன் வெயிட்டிங் சார்ஜு கேக்கறான், அத்த உங்க லேபு குடுக்குமா?"

அப்பாவின் பதில்

சாயங்காலம் அப்பாவிடம் மூன்று நாள் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திவ்யா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நான் கண்டுபிடித்ததற்காக எனக்கு ஒரு ரூபாய்கூட ஏறாது என்பதையும் மறைக்கவில்லை. "துட்டுக்குன்னா வாணாம்ப்பா. ஆனா இன்னிக்கு அந்த ஆட்டோல உக்காந்துகினு இருந்த ஆளப் பாத்ததுலருந்து எனக்கு வாணாம்னு சொல்ல வாய் வரல" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பி.எஃப்.பில் பாதி எடுத்தால் போதும், மாதம் இரண்டாயிரம் என் சம்பளத்திலிருந்து போடுகிறேன், மீதி வருஷங்களுக்கு ஒரு சின்ன சீட்டு போடலாம் என்றேன். அப்பா முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க பட்டறையிலயும் மிஷின் ஓட்டறவன் நெறைய பேரு கீறான். அளவு தப்புன்னு சொல்றவன் ஒருத்தந்தான். அவனுக்கும் எங்களுக்கும் சம்பளத்துல பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ஆனா அவன் லீவு போட்டா எங்களுக்கு வயித்தக் கலக்கும். நாளிக்கே கட்டிடலாம்மா."

ஆக, நான் படித்ததற்காகக் கூடுதலாகக் கிடைக்கும் அந்த இரண்டாயிரம் இனி தங்கையின் படிப்புக்குப் போகிறது. இந்தப் படிப்பு லாபமா நஷ்டமா என்று கேட்பவர்கள் தயவுசெய்து இன்னும் நாலு வருஷம் கழித்து அவளிடம் கேட்டுக்கொள்ளவும்.