அகஸ்டஸ் பாடத்துக்கு மன்னிப்பு கிடையாது

கலையரசி திண்டிவனத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தினார். ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். கரும்பு போட்டு அப்பா படிக்க வைத்த பெண். காலையில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் மாறி வருவார்.

அன்று ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பாடம்.

"அவர் தன்னை ராஜான்னு சொல்லிக்கல. முதல் குடிமகன்னுதான் சொல்லிக்கினாரு. செனட் சபை வழக்கம்போல கூடுச்சு. ஒரு கட்டத்துல கான்சல்ங்கிற உச்சப் பதவியையும் விட்டுட்டாரு. படை மட்டும் அவர் கையிலதான் இருந்துச்சு."

கடைசி பெஞ்சிலிருந்து ஷாலினி எழுந்தாள். "எங்க ஊர்லயும் அப்படித்தான் மேடம் கீது. பஞ்சாயத்துத் தலைவரு ஒரு அம்மா, நாற்காலியில குந்திக்கினு கீறது அவங்க வூட்டுக்காரரு."

வகுப்பே சிரித்தது. கலையரசி சிரிக்கவில்லை. "சரியாத்தான் புரிஞ்சிக்கினு இருக்க," என்றார்.

அந்தக் கணவர் வேறு யாருமில்லை, கல்லூரியின் தாளாளர் தென்னரசுதான். யாரோ செல்போனில் எடுத்தது மாலைக்குள் அவரிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் கலையரசியை அறைக்கு அழைத்தார்.

"பசங்களை அரங்கத்துல கூட்டி வெச்சிருக்கேன். அவங்க முன்னாடி தப்பா பேசிட்டேன்னு சொல்லிடுங்கம்மா. அதோட வுட்டுர்லாம்."

"எது தப்புன்னு சொல்லுங்க சார்."

"அந்தப் பொண்ணுக்கு டிசி குடுத்து அனுப்பணுமா?"

கலையரசி எழுந்தார். நேராகக் கூட்ட அரங்குக்குப் போய் மேடை ஏறினார்.

"ஷாலினி சொன்னதுக்கு நான்தான் பொறுப்பு. நான் நடத்தினதுல ஒரு வார்த்தையும் தப்பில்ல. அகஸ்டஸுக்கு அப்புறம் டைபீரியஸ் வந்தாரு. அவர் காலத்துல வாயைத் திறந்து பேசினதுக்கே துரோக வழக்கு போட்டாங்க. காட்டிக் குடுத்தவனுக்கு, மாட்டினவங்க சொத்துல பங்கு. அதையும் இன்னிக்கே நடத்திட்றேன்."

மைக்கை அணைத்தார்கள். அவர் குரலை உயர்த்தி மணி அடிக்கும்வரை நடத்தினார்.

வேலை போயிற்று. ஆனால் வகுப்பு மொத்தமும் கல்லூரி வாசலில் உட்கார்ந்துவிட்டதால் ஷாலினிமேல் யாரும் கை வைக்கவில்லை.

இப்போது அவர் விழுப்புரத்தில், போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு வகுப்பெடுக்கிறார். காந்தி ஜெயந்தி அன்று ஷாலினி போன் செய்தாள். ஊரில் கிராம சபைக் கூட்டம் முடிந்ததும் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"தலைவரம்மாவே பேசட்டும்னு எழுந்து கேட்டுட்டேன் மேடம்."

"பேசுனாங்களா?"

"அவங்க வூட்டுக்காரரு மைக்கைக் குடுக்கல. ஆனா அந்தம்மா எழுந்து நின்னாங்க. கூட்டம் முடியறவரைக்கும் உக்காரவே இல்ல."