பயோடெக் குரூப்பில் ஒரு பெயர்

எங்கள் பள்ளியில் இந்த வருடம்தான் ப்ளஸ் ஒன்னில் பயோடெக்னாலஜி குரூப் தொடங்கியிருக்கிறோம். குறைந்தபட்ச எண்ணிக்கைக்குத்தான் ஆள் சேர்ந்திருக்கிறது; ஒரு மாணவி விலகினாலும் அனுமதி போய்விடும்.

இன்று ஆம்பூர் பஸ்ஸில் என் மாணவி நஸ்ரினோடு அவள் அப்பாவும் ஏறினார். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்பவர். நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சர், இவ பேரை எடுத்துடுங்க. கெமிக்கல்ல என் கை வெந்தது போதும். இவளுக்கும் இன்னாத்துக்கு?"

நான் விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நஸ்ரின் மெல்லச் சொன்னாள்: "அந்தக் கெமிக்கல் இல்லாம தோலைப் பதப்படுத்த முடியுமான்னு படிக்கத்தாம்பா சேர்ந்தேன்."

அவர் தன் வெந்த கையைத் திருப்பிப் பார்த்தார். இறங்கும்போதுதான் சொன்னார்: "சரி, படிக்கட்டும். பாடம் நீங்கதானே எடுப்பீங்க?"

"ஆமாம்" என்றேன்.

நான் படித்தது தாவரவியல். பயோடெக் நடத்தும் நண்பர்கள் யாராவது இருந்தால், திங்கட்கிழமைக்குள் எனக்குக் கொஞ்சம் பாடம் எடுங்கள்.